காலண்டரில் நான் வைத்த பொய்ப் புள்ளிகள்

காலை பத்து மணி இருபது நிமிடம். நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு புரூஃப் தாளையும் கையில் எடுத்த நேரத்தை மேல் ஓரத்தில் எழுத வேண்டும், முடித்த நேரத்தைக் கையெழுத்தோடு கீழ் ஓரத்தில் எழுத வேண்டும் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். அன்றைய தாளில் மேலே 10.20 என்று என் கையால் எழுதியிருக்கிறது. கீழே ஒன்றுமில்லை.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் புரூஃப் பார்க்கிறேன். தினசரி காலண்டரில் ஒரு நாளைக்கு ஒரு தாள் கிழிக்கிறீர்களே, அதிலுள்ள நல்ல நேரம், இராகு காலம், கரிநாள், சந்திராஷ்டமம் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். அது 2009க்கான வேலை. ஆடி பிறந்து சீசன் சூடு பிடித்திருந்தது. கார்த்திகை மாதத் தாளை எடுத்து நேரம் எழுதிய அந்த நிமிடத்தில், உட்கார்ந்திருந்த இடத்தில் வெதுவெதுப்பாக ஏதோ பரவுவது தெரிந்தது. தாளை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். நான்கு நாளுக்கான கட்டங்களைப் பார்த்ததும் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. எழுந்தேன். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பைண்டிங் பகுதியில் வேலை பார்க்கும் பொன்னுத்தாய்தான் என்னைப் பிடித்தாள்.

“அக்கா, எந்திரிக்காதீக. அப்படியே ஒக்காருங்க.” பிறகு காதருகே, “சேலையெல்லாம் ஆயிருச்சுக்கா” என்றாள்.

“மாசாந்திரம்தான்” என்றேன்.

மயங்கி விழப்போகிற நேரத்திலும் அந்தப் பொய் தடங்கல் இல்லாமல் வந்தது. ஏழு மாதமாகச் சொல்லிச் சொல்லி நாக்கு பழகியிருந்தது.

ஆட்டோ வந்துவிட்டது. சீட்டில் விரிக்க ஏதாவது வேண்டும். அச்சகத்தில் விரிக்கத் தாளுக்கா பஞ்சம்? மெஷின் ஓரத்தில் நிறம் சேராத வேஸ்ட் தாள்கள் இடுப்புயரம் கிடந்தன. பொன்னுத்தாய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து அப்படியே வைத்தாள்.

“இது முருகன். இது லட்சுமி. இது நம்ம இருக்கன்குடி மாரியம்மன். ஏட்டி, சாமி இல்லாத தாளே இந்தக் கம்பெனில கெடையாதா?”

“கடைசிக் கட்டுல பாப்பா படம் இருக்குக்கா, அத எடுங்க!” என்று ஒருத்தி கத்தினாள்.

பல் முளைக்காத வாயைத் திறந்து சிரிக்கும் குழந்தைப் படங்கள். ஒரு தாளுக்கு நான்கு குழந்தை. அந்தத் தாள்களின் மேல்தான் நான் நர்சிங் ஹோமுக்குப் போய்ச் சேர்ந்தேன். இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

இனி, அந்தக் காலை வரை நான் செய்ததைச் சொல்கிறேன். இதை எழுதுவதே அதற்காகத்தான். சொல்லக் கூசுகிறது. ஆனால் என்னைப் போல வாயை மூடிக்கொண்டிருக்கும் யாராவது ஒருத்தி இதைப் படிக்கக்கூடும்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. கல்லீரல் கெட்டிருக்கிறது என்று இரண்டு வருடம் முன்பே மதுரையில் சொல்லிவிட்டார்கள். மதுவாலோ சாப்பாட்டாலோ வந்ததல்ல. என் மகள் மாலதி அறுவை சிகிச்சையில் பிறந்தபோது எனக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தத்தில் ஒரு கிருமி இருந்திருக்கிறது. இப்போது ஹெபடைடிஸ் சி என்கிறார்கள். அன்று அதற்குப் பெயரும் கிடையாது, பரிசோதனையும் கிடையாது. இருபத்து நான்கு வருடம் சத்தமில்லாமல் இருந்து ஈரலை அரித்து, தழும்பேறிய கட்டியாக ஆக்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மதுரை போய் வருவேன். என் கணவருக்குத் தெரியும். மாலதிக்குச் சொல்லவில்லை. தான் பிறந்ததால் அம்மாவுக்கு வந்த நோய் என்று அவள் நினைத்துவிடுவாள் என்று பயந்தேன்.

போன மார்கழியில் முதல் முறையாகக் கழிப்பறையில் சிவப்பாகப் பார்த்தேன். மூலம் என்று எனக்கே புரிந்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் வேலை, சூடு என்று நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். அதற்கும் ஈரலுக்கும் தொடர்பு இருக்கும் என்று தோன்றவே இல்லை. மதுரை டாக்டர் அடுத்த முறை, “மலம் கறுப்பாப் போகுதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கறுப்பாகப் போகவில்லை என்பது உண்மைதான். சிவப்பாகப் போகிறதா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு நாள் துணி துவைக்கும் கல்லில் என் பாவாடையில் கறையைப் பார்த்த கணவர், “ஒதுங்கிட்டியா?” என்றார். நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான். எல்லாம் அந்தத் தலையாட்டலில் தொடங்கியது.

உண்மையில் எனக்கு மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் அதையெல்லாம் யாரும் யாரிடமும் அறிவிப்பதில்லை. சமையலறையில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் கணக்கு, கேஸ் வந்த தேதி, என் விலக்கு நாட்களுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. விளக்கேற்றக் கூடாத நாளை மறந்துவிடாமல் இருக்க, கல்யாணமான காலத்திலிருந்து இருந்த பழக்கம். தலையாட்டிய அன்று நான் மறுபடி ஒரு புள்ளி வைத்தேன். அடுத்த முறை ரத்தம் போனபோது இன்னொன்று. பிறகு பதினைந்து நாளைக்கு ஒன்று, பத்து நாளைக்கு ஒன்று. மற்றவர்கள் விட்ட பிழையைப் பிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

தை மாதம் இருக்கன்குடிக்கு நேர்த்திக்கடனுக்குப் போனோம். நான் கோயிலுக்குள் போகவில்லை, ஆற்று மணலில் சாப்பாட்டுப் பாத்திரங்களுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். “இந்த வயசுலயும் நிக்கலியா ஒனக்கு? குடுத்து வச்சவதான்” என்று நாத்தனார் சிரித்தாள். நானும் சிரித்தேன். மனிதர்களிடம் பொய் சொன்னேனே தவிர, அந்த ரத்தத்தோடு அம்மன் முன்னால் போய் நிற்கத் துணியவில்லை. எந்த வழியில் வரும் ரத்தம் தீட்டு, எந்த வழியில் வருவது தீட்டில்லை என்று நான் யாரைக் கேட்பது?

மாலதியை விருதுநகரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஆனிக் கடைசியில் வந்தவள் சமையலறையில் நின்று காலண்டரைப் புரட்டினாள்.

“என்னம்மா இது, வாராவாரம் புள்ளி வச்சிருக்க?”

“வயசாகுதுல்ல. அப்படித்தான் வரும்.”

“அப்படியெல்லாம் வரக்கூடாது. ஒன் மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. கெளம்பு.”

அவள்தான் என்னை அந்த டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதை நெருங்கியவர். ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். இடது காது மந்தம். நோயாளி உட்காரும் ஸ்டூலோ அந்தப் பக்கம்தான் கிடக்கும். கதவுக்குப் பதில் ஒரு திரைச்சீலை. அதனால் உள்ளே சொல்வதெல்லாம் வெளிப் பெஞ்சுக்குக் கேட்கும். யாருக்கு வெள்ளைப்படுகிறது, யாருக்குக் கரு தங்கவில்லை என்பதெல்லாம் பெஞ்சுக்குத் தெரியும். அந்த அறைக்கு ‘ரேடியோ ரூம்’ என்றே ஊரில் பெயர்.

“என்னம்மா செய்யுது?”

“மாசாந்திரம் அதிகமாப் போகுது.”

“சத்தமா!”

“அதிகமாப் போகுதும்மா!”

இதைக் கத்துவது கஷ்டமாக இல்லை. பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அதே தொல்லை. ‘மூலம்’ என்று கத்தியிருக்க முடியாது. எங்கள் தெருவில் அந்தச் சொல்லைச் சொன்னாலே சிரிப்பு வரும். சொன்னவளுக்கு ஆயுசுக்கும் பட்டப்பெயர் ஆகிவிடும். பக்கத்தில் மகள் வேறு.

“மஞ்சக்காமாலை, ஈரல் கோளாறு, ஏதாச்சும் உண்டா?”

மாலதி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “இல்ல” என்றேன்.

“வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீகளா?”

“இல்ல.”

இன்றைக்குக் கசிகிறது என்று சொல்லி உள்ளே பார்க்கவும் விடவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். என் கெட்ட நேரம், கர்ப்பப்பையில் சின்னதாக ஒரு கட்டி இருந்தது. என் வயதில் பலருக்கும் இருக்குமாம், தொந்தரவு செய்யாதாம். ஆனால் என் பொய்க்கு அது அச்சடித்த அத்தாட்சி ஆகிவிட்டது. ரத்தம் குறைந்திருப்பதால் முதலில் ரத்தம் ஏற்றி, பிறகு கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். வருகிற திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்.

நான் சரி என்றேன். என்ன மாதிரி புத்தி அது என்று இப்போது யோசிக்கிறேன். ஒரு உறுப்பைக் காட்ட வெட்கப்பட்டு, இன்னொரு உறுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். காட்டுவதைவிட இழப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை வருவதற்கு நான்கு நாள் முன்னால்தான், பத்து இருபதுக்கு, அச்சகத்தில் விழுந்தேன்.

நர்சிங் ஹோமில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் ஓடினாள். டாக்டரம்மா வந்து கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். “திங்கக்கெழம வரைக்கும் தாங்காது. இப்பவே எடுத்துருவோம். மயக்க டாக்டரக் கூப்பிடுங்க” என்றார். என்னைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மயக்கம் ஒரு காரணம்தான். ஆனால் பேச முடியாத மயக்கம் இல்லை அது. மேலே வட்ட விளக்கைப் பார்த்துக்கொண்டு, ‘எடுத்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும்’ என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

துடைத்துச் சுத்தம் செய்ய வந்த ஆயாதான் கண்டுபிடித்தது.

“டாக்டரம்மா, இங்கன வாங்க. ரத்தம் முன்னால இருந்து வரல. பின்னால இருந்துல வருது!”

டாக்டரம்மா வந்து பார்த்தார். கையுறையைக் கழற்றினார். வாசலுக்குப் போய், தகவல் தெரிந்து வந்திருந்த என் கணவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“இவுகளுக்கு வேற ஏதும் வியாதி இருக்கா?”

“ஈரல் சுருக்கம்மா. ரெண்டு வருஷமா மதுரையில பாக்கோம். ஒங்ககிட்ட சொல்லலியா?”

திரும்பி வந்து என் தலைமாட்டில் நின்றார். திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “ஏன்மா?” என்றார். அவ்வளவுதான். பிறகு ஆம்புலன்ஸ் சொல்லச் சொன்னார்.

விருதுநகரில் பெரிய ரோட்டுப் பாலத்தடியில் மாலதி காத்திருந்து ஏறிக்கொண்டாள்.

“திங்கக்கெழமதான ஆபரேஷன்? எதுக்கு மதுரை?”

என் கணவர் இன்னொரு அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். தாளை வெட்டுவது போலத்தான் பேச்சும். “ஒங்கம்மாவுக்குக் கர்ப்பப்பையில ஒண்ணுமில்ல. மூலத்துல ரத்தம். ஈரலும் கெட்டிருக்கு.”

“எப்ப இருந்து?”

“நீ பொறந்த அன்னைக்கி ஏத்துன ரத்தத்துல இருந்து.”

“அப்ப என்னாலயா?” என்றாள்.

“ஒன்னால ஏன் வருது? ரத்தத்தால.”

“அந்தப் புள்ளியெல்லாம்?” இது என்னிடம்.

“பொய்யி.”

“எல்லாமா?”

“தையில இருந்து எல்லாம்.”

“நான் அந்தப் புள்ளிய எண்ணிப் பாத்துத்தானம்மா ஒன்னக் கூட்டிட்டுப் போனேன்” என்றாள். “ஒன்ன அறுக்க நானே கூட்டிட்டுப் போயிருக்கேன்.”

வண்டி திருமங்கலம் தாண்டியது. அவளுக்குத் தெரியக்கூடாது என்றுதான் மறைத்தேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, ரேடியோ ரூம் பெஞ்சில் இருந்தவர்கள்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. முதல் நாள் முழுக்கப் பைகள்தான். சிவப்புப் பை, பிறகு ரத்தம் உறைவதற்காக மஞ்சள் நிறத்தில் இரண்டு பை. ஏற்றிய ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ‘இது பரிசோதிச்ச ரத்தம்தானா?’ என்று மாலதி ஒவ்வொரு பைக்கும் நர்ஸிடம் கேட்டாள். அவளுக்கும் அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் என் ரத்தம் நிற்கிறதா என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கு ஒன்றுமில்லை என்று தாள் வந்தபோதுதான் அழுதேன். அவள் அழவில்லை, என்னோடு பேசவும் இல்லை. ஆனால் காலையில் வந்து என் தலையைப் பிரித்து, சிக்கெடுத்து, இறுக்கிப் பின்னிவிட்டுப் போவாள். சிக்கெடுக்கும்போது கொஞ்சம் பலமாகத்தான் இழுப்பாள்.

என் கணவர் என் துணிகளை ஆஸ்பத்திரிக் குழாயடியில் அவரே துவைத்தார். அந்தக் குழாயடியில் ஆண்கள் யாரும் துவைத்து நான் பார்க்கவில்லை. ஒரு அம்மாள், “குடுங்கண்ணே, நான் கசக்கித் தாரேன்” என்றதற்கு, “இல்லம்மா, இது எங்க வீட்டுக் கறை” என்றாராம். அந்த அம்மாள்தான் வந்து சொன்னார்.

பின்பக்கமாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தார்கள். மூன்று டாக்டர், இரண்டு நர்ஸ், படிக்கிற பிள்ளைகள் நான்கு பேர். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, சுவரில் இருந்த விரிசலை எண்ணினேன். ஏழு மாதம் ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்ததை ஒன்பது பேர் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் மட்டும் கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவி எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஈரல் டாக்டர் கட்டில் அருகே நின்று ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். வயிற்றிலுள்ள ரத்தமெல்லாம் ஈரல் வழியாகத்தான் இதயத்துக்குத் திரும்ப வேண்டும். ஈரல் தழும்பேறி இறுகிவிட்டால் வழி அடைபட்டு, கீழே உள்ள நாளங்களில் அழுத்தம் ஏறும். ரத்தத்தை உறைய வைக்கிற பொருள்களை உண்டாக்குவதும் ஈரல்தான். அதுவும் குறைந்துவிடும். அதனால் மற்றவர்களுக்குச் சொட்டி நின்றுவிடுகிற மூலம் எனக்கு நிற்காமல் ஓடுகிறது.

“ரெண்டு வியாதின்னு நெனச்சு ரெண்டு எடத்துல ஒளிச்சு வச்சிருக்கீங்க” என்றார். “ஒரே வீட்டுல ரெண்டு ரூம்தாம்மா இது.”

என்னைப் போன்றவர்களுக்கு அந்த இடத்தில் ரத்தம் வந்தால் இரண்டு காரணம் இருக்கலாமாம். அழுத்தத்தால் புடைத்த நாளம் வெடிப்பது ஒன்று, சாதாரண மூலமே பெருகி ஓடுவது இன்னொன்று. பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் வைத்தியம் வேறு. எனக்கு இருந்தது மூலம்தான்.

ஊசி, மருந்து, பஞ்சு அடைப்பு என்று மூன்று நாள் பார்த்தார்கள். நின்றது. நான்காம் நாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி உடைத்துக்கொண்டது. அறுவை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வெட்ட மாட்டேன் என்றார். வெட்டிய புண் ஆறாமல் ஓடும். மயக்க மருந்தை இந்த ஈரல் தாங்காது. அன்று சிவகாசியில் வயிற்றைத் திறந்திருந்தால் மேசையிலேயே போயிருப்பேன் என்று அவர் சொன்னார். சாதாரணமாக, மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார்.

பிற்பகலில் இன்னொரு டாக்டர் வந்தார். இளைஞர். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடியே ரத்தக் குழாய்க்குள் கம்பி விட்டு வேலை செய்கிறவர்.

“மூலத்துக்கு ரத்தம் கொண்டு வர்ற குழாயை உள்ள இருந்தே அடைக்கலாம். தொடையில ஒரு துளைதான். விபத்துல அடிபட்டவங்களுக்கு, குடல்ல ரத்தம் போறவங்களுக்கு நான் நெறையப் பண்ணியிருக்கேன். இந்த எடத்துக்குப் பண்ணினதில்ல. அதையும் சொல்லிடறேன்.”

“அடைச்சா அந்த எடம் அழுகிப் போகாதா?” என் கணவர் கேட்டார்.

“ஒரு வழியைத்தான் அடைக்கிறோம். பக்கவாட்டுல வேற சின்ன வழி இருக்கு. உயிரோட இருக்க அது போதும். பீச்சி அடிக்க அது போதாது.”

“சாவு வருமா?”

“எதுலயும் வரலாம். சும்மா விட்டா அதிகம். வெட்டினா இன்னும் அதிகம். இதுல கொறவு.” கொஞ்சம் நிறுத்தி, “ஈரலுக்கு இது வைத்தியம் இல்ல. ரத்தத்தை நிறுத்தும், அவ்வளவுதான்” என்றார்.

எல்லாவற்றையும் பச்சையாகச் சொல்லும் ஒரு மனிதரை ஏழு மாதத்தில் அன்றுதான் சந்தித்தேன். கையெழுத்துப் போட்டேன். பழக்கதோஷம், பக்கத்தில் நேரமும் எழுதிவிட்டேன்.

மயக்கம் கொடுக்கவில்லை. தொடையில் மரத்துப்போக ஒரு ஊசி மட்டும். சவரம் செய்ய வந்தவர் ஓர் ஆண். “கண்ண மூடிக்கோங்க அக்கா, நானும் மூடிக்கிறேன்” என்றார். “மூடிட்டா எப்படிப்பா, கையில கத்தியில்ல இருக்கு?” என்றேன். அந்த அறைக்குள் முதல் முறையாகச் சிரித்தேன்.

குழாயை விட்டது தெரியவில்லை. நாளங்கள் திரையில் தெரிவதற்கான மருந்தைச் செலுத்தும்போது இடுப்புக்குக் கீழே வெந்நீர் ஊற்றினாற்போல ஒரு சூடு. பக்கத்துத் திரையில் என் உடம்புக்குள் ஒரு மரம் கறுப்பாகக் கிளைவிட்டு மறைந்தது. கிளை நுனியில் மருந்து தேங்கி மை ஒழுகியது போலத் தெரிந்த இடத்தை டாக்டர் காட்டினார். “அதுதான் உங்க எதிரி.” பிறகு ஒரு சின்னச் சுருளை உள்ளே அனுப்பினார். திரையில் அது சுருண்டு உட்கார்ந்தது. மேசைக் காலண்டருக்கு நாங்கள் போடும் ஸ்பைரல் கம்பியைக் கடுகளவு ஆக்கினால் எப்படி இருக்கும், அப்படி. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு கிளைக்கும் வைத்தார். மறுபடி மருந்து செலுத்தியபோது மரம் வந்தது, அந்தக் கிளைகள் வரவில்லை.

ஆறு மணி நேரம் காலை அசைக்கக்கூடாது. மாலதி என் முழங்காலின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது மணி நேரத்தில், “தூங்கு. நான் புடிச்சிக்கிறேன்” என்றாள். ஆம்புலன்ஸில் பேசியதற்குப் பிறகு என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

இரண்டு நாள் அந்த இடத்தில் கடுகடுவென்று வலி, லேசான காய்ச்சல். மூன்றாம் நாள் கழிப்பறைக்குப் போய், வெகு நேரம் கீழே பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு பார்த்தேன். சிவப்பு இல்லை. கதவைத் திறந்தால் என் கணவரும் மாலதியும் வாசலிலேயே நிற்கிறார்கள். ஒரு மனுஷி வெளிக்கிப் போய்விட்டு வந்ததற்காக இரண்டு பேர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அன்று மதியம், ஆறு கட்டில் போட்ட எங்கள் வார்டுக்குள் சிவகாசி டாக்டரம்மா வந்தார். கையில் ஒரு பழைய ஃபைல். போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டேன். என் கணவர் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

“இங்கன ஒக்காருங்க டாக்டரம்மா.”

உட்கார்ந்தார். “இங்க பழைய ஸ்கேன் வேணும்னாக. அதக் குடுக்க வந்தேன்னு சொல்லலாம். அது பொய்யி, கூரியர்லயே அனுப்பியிருக்கலாம்.” மூச்சு வாங்கினார். “முப்பது வருஷமா அறுக்குறேன். என் மேசையில ஒருத்தியும் போகல. அன்னைக்கி நீங்க போயிருந்தா, எதுக்குப் போனீகன்னே எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது.”

எனக்கு என் சாவுதான் இதுவரை கணக்கில் இருந்தது. அந்தச் சாவை இந்த அம்மாளின் கையில் வைத்துவிட்டுப் போக இருந்தேன் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. “என்னை மன்னிச்சிருங்கம்மா” என்றேன்.

“அது இருக்கட்டும். நானும் பாக்காம எழுதுனவதான்.” ஃபைலைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினார். அவர் கையெழுத்தில், நான் சொன்ன பொய் வரிசையாக இருந்தது. “நீங்க புரூஃப் பாக்குறவுகதானே? இந்தப் பக்கம் தப்பா இருக்கு. சொல்லுங்க, திருத்துறேன்.” பேனாவை எடுத்து அந்த வரிகளை அடித்தார். “என்னம்மா செய்யுது?”

“மூலம்” என்றேன்.

மந்தமான இடது காதை என் பக்கம் திருப்பினார். “சத்தமா.”

பக்கத்துக் கட்டில்காரிக்கு அவள் மகன் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். எதிரில் பார்வையாளர்கள் நான்கைந்து பேர். என் கணவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மாலதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூலம் டாக்டரம்மா! ஏழு மாசமா ரத்தம் போச்சு! ஈரலும் கெட்டிருக்கு, ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும்!”

ஊட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. டாக்டரம்மா நிதானமாக ஒவ்வொரு வரியாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இப்பக் கேட்டுச்சு” என்றார்.